ஊசி துள்ளும் என்று ஒதுக்கிய கொட்டு

இந்தியாவில் வியாபாரத்துக்காகப் பாட்டைத் தட்டில் பிடிக்கிற வேலை 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனி அனுப்பிய ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கப்பலில் வந்து இறங்கி, ஓர் அறையில் கருவியைப் பூட்டி, கௌஹர் ஜானின் குரலைப் பிடித்துக்கொண்டு போனார். அப்போது மைக் கிடையாது, கரண்டும் கிடையாது. வாய் அகன்ற தகரக் குழாய் ஒன்று. அதற்குள் தலையைக் கொடுக்கிற மாதிரி நின்று பாட வேண்டும். சத்தத்தின் அழுத்தமே குழாயின் அடியில் இருக்கிற ஊசியை அசைக்கும், ஊசி மெழுகில் கீறும். அவ்வளவுதான் கருவி.

இந்தக் கருவிக்குக் கொட்டு ஆகாது. குரல் என்றால் ஊசி மெல்ல அசையும். கொட்டில் ஓர் அடி விழுந்தால் துள்ளும். துள்ளினால் மெழுகு பாழ். ஆகவே கொட்டைத் தூரத் தள்ளி வை, இல்லையென்றால் துணியைப் போட்டு மூடு, அதுவும் முடியவில்லையா, வேண்டவே வேண்டாம். உலகம் முழுக்க இதுதான் நடைமுறை.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1923இல் கிங் ஆலிவரின் கறுப்பர் குழு இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற ஊருக்குப் போய், ஜெனட் கம்பெனியில் பதிவு செய்தது. இருபது சொச்சம் வயசு லூயி ஆம்ஸ்ட்ராங் அதில் இரண்டாவது கார்னெட் வாசிக்கிறார். அவர் ஊதுகிற வேகம் தாங்காமல் அவரைக் குழாயிலிருந்து தூரத்தில் நிறுத்தினார்களாம். கொட்டு வாசித்தவர் பேபி டாட்ஸ், நியூ ஆர்லியன்ஸ்காரர். இன்றைக்கு நம்ம ஊர் மேடைகளில் 'டிரம்ஸ்' என்று பரப்பி வைத்திருக்கிறார்களே, அந்தக் கொட்டுத் தொகுதியைக் கலையாக வளர்த்தவர்களில் முன்னோடி. ஒருவர் பெரிய கொட்டு, ஒருவர் சின்னக் கொட்டு, ஒருவர் தாளம் என்று மூன்று பேர் செய்த வேலையை, காலுக்கு ஒரு மிதியை மாட்டி ஒரே ஆள் செய்யும்படி ஆக்கியதுதான் அந்தத் தொகுதி. லுட்விக் கம்பெனியின் மிதி 1909இல் வந்தது. அப்படி மூன்றாள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிற அந்த மனுசனிடம் ரிச்மண்டில் சொன்னார்கள்: பெரிய கொட்டு வேண்டாம், ஊசி துள்ளுது. மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பேபி டாட்ஸ். இன்றைக்கும் அந்தத் தட்டுகளைக் கேட்டால் டொக்டொக்கென்று மரச்சத்தம்தான் கேட்கிறது. கறுப்பு இசையின் முதல் பெரும் பதிவுகளில் கறுப்புக் கொட்டு இல்லை.

இன்னொரு சேதியும் உண்டு. அதே ரிச்மண்டில், அதே கம்பெனி, கூ க்ளக்ஸ் க்ளான் என்கிற வெள்ளை வெறிக் கூட்டத்துக்கும் காசு வாங்கிக்கொண்டு தட்டு அடித்துக் கொடுத்தது. கறுப்பனைக் கொளுத்துகிற கூட்டத்தின் பாட்டுக்கும், கறுப்பனின் பாட்டுக்கும் ஒரே மெழுகு. கம்பெனிக்காரனுக்கு ரெண்டும் சரக்கு.

ஒதுக்கி வைப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த முதல் ஒதுக்கலுக்குச் சாதியையோ நிறத்தையோ காரணமாகச் சொல்ல மாட்டேன். தகரக் குழாய்க்குச் சாதி தெரியாது. 1925இல் மின்சார முறை வந்துவிட்டது, மைக் வந்துவிட்டது. அதற்கப்புறம் கொட்டைப் பிடிக்கத் தடை எதுவுமில்லை. இங்கேயும் சபாக் கச்சேரி தட்டானது, நாடகப் பாட்டு தட்டானது, சினிமா வந்ததும் மழை மாதிரிக் கொட்டியது. பறையடிக்கிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதிவு செய்ய மட்டும் எந்த முதலாளிக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. 1925க்கு முன்னால் இருந்த ஒதுக்கலுக்கு ஊசி பொறுப்பு. பின்னால் இருந்ததற்கு ஊசி பொறுப்பில்லை.

மிருதங்கம் தட்டில் ஏறியதே, அதுவும் தோல்தானே என்பார்கள். ஏறியது. அந்தத் தோலைப் பதம் பார்த்து வாங்கி, வார் பிடித்து, சோறு தடவிக் கருப்பு ஏற்றி, நாதம் வரவைத்துக் கொடுத்தவர் யார்? டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' அதைத்தான் பேசுகிறது. மிருதங்கம் செய்கிற தலித் கிறித்துவக் குடும்பங்கள், மாட்டுத்தோல், மேடையில் உட்காருகிறவருக்கும் செய்கிறவருக்கும் நடுவில் இருக்கிற தூரம். அந்தப் புத்தகத்தை வெளியிடுவதற்குக் கொடுத்த அனுமதியைக் கலாசேத்ரா கடைசி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. தட்டில் வாசித்தவர் பேர் இருக்கிறது. செய்தவர் பேர் தட்டுக்கும் வரவில்லை, உறைக்கும் வரவில்லை.

நம்ம சனங்களின் சத்தம் முதன்முதலாக நம்ம கையாலேயே பதிவானது கேசட்டில்தான். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் வெளியிட்ட இந்தச் சின்னப் பெட்டி 1980களில் இங்கே தெருத்தெருவாக வந்துவிட்டது. வளைகுடாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்த 'டூ இன் ஒன்' கம்பம் பள்ளத்தாக்கிலும் புழங்கியது. தட்டு அடிக்க ஆலை வேண்டும். கேசட்டுக்கு ஒரு பெட்டியும் ஒரு விரலும் போதும். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் பதிவு. தன்னானே கலைக்குழுவை நடத்திய கே.ஏ. குணசேகரனின் குரல் அவர் போகாத ஊர்களுக்கும் கேசட்டில் போய்ச் சேர்ந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று நம்மவர்கள் கூப்பிட்ட மனுசர், கிராமத்து மெட்டிலும் கொட்டிலும் வழிபாட்டையே மாற்றிக் கட்டி, கேசட்டாகப் பரப்பினார். சாஸ்திரிய மெட்டில் கும்பிடுகிறவன்தான் பக்தன் என்று இருந்த சபைகளுக்குள் பறையைக் கொண்டுபோனதற்கு அவர் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. அப்பாவு 2005இலும் குணசேகரன் 2016இலும் மறைந்துவிட்டார்கள். நாடா இன்னும் சில வீட்டுப் பரண்களில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது.

அந்தக் காலத்துக் கேசட்டுகளைத் தேடி எடுத்துக் கேட்கும்போது ஒரு விசயம் கவனத்துக்கு வரும். கூட்டத்திலோ இழவு வீட்டிலோ பதிந்ததாக இருக்கும். முதல் அடி 'டம்' என்று விழும். விழுந்த உடனே பின்னால் இருக்கிற எல்லாச் சத்தமும் அமுங்கிப் போகும். ரெண்டு நொடி கழித்து மெல்லமெல்ல மேலே வரும். அடுத்த அடி விழும், திரும்ப அமுங்கும். பாடுகிறவர் குரல் தண்ணிக்குள் முங்கி முங்கி எழுகிற மாதிரி இருக்கும். மிஷின் ரிப்பேர் என்று நினைத்துவிடக்கூடாது. விலை குறைந்த டேப் ரெக்கார்டர்களில் சத்தத்தின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கிற ஓர் ஏற்பாடு உள்ளேயே இருக்கும். பேச்சுக்காகச் செய்தது. மெதுவாகப் பேசினால் தூக்கும், சத்தமாகப் பேசினால் அமுக்கும். பறையை அது கத்தல் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் வாயைப் பொத்துகிறது. இப்போது கையில் இருக்கிற செல்போனும் இதையேதான் செய்கிறது, கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக. குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை 'இரைச்சல்' என்று வடிகட்டுகிறது. பறையை நாம போனில் எடுத்து அனுப்பினால் அந்தப் பக்கம் தகர டப்பாவை எலி பிராண்டுகிற சத்தம்தான் கேட்கிறது. கேட்கிறவனோ, இதென்னா பறைன்னு பெருசா பேசுனீங்க, இவ்வளவுதானா என்கிறான்.

இவ்வளவு சொன்ன பிறகு, சல்லிசான மைக்கை நான் திட்டப்போவதாக நினைக்க வேண்டாம். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நமக்கு நெருக்கமான வரலாறு.

கேசட் பெட்டிக்குள்ளும் பழைய செல்போனுக்குள்ளும் இருந்தது, சட்டையில் குத்துகிற காலர் மைக்குக்குள் இருப்பது பெரும்பாலும் எலக்ட்ரெட் வகை மைக். அதன் மெல்லிய ஏட்டு வடிவத்தை 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர்கள் ரெண்டு பேர். ஒருவர் ஜெர்மன்காரர் கெர்ஹார்ட் செஸ்லர். இன்னொருவர் ஜேம்ஸ் வெஸ்ட், கறுப்பர், 1931இல் வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் பிறந்தவர். அந்தக் கவுண்டியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, சேர்த்து உட்காரவைப்பதைவிடப் பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிவிடலாம் என்று 1959 முதல் 1964 வரைக்கும் அரசுப் பள்ளிகளை மூடிவைத்த ஊர். ரெட்டைக் குவளையைவிட ஒரு படி மேல்; குவளையே இல்லை.

வெஸ்டின் அப்பா மகனை டாக்டராக்க நினைத்தார். விஞ்ஞானம் படிக்கிறேன் என்று மகன் நின்றபோது, வேதியியலிலும் இயற்பியலிலும் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுத் தபால் ஆபீசில் வேலை பார்க்கிற கறுப்பர்களை அழைத்துக் காட்டினாராம். நம்ம ஊரில் எம்.ஏ. படித்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போகிற பிள்ளையைக் காட்டுகிற அப்பன்மார் எத்தனை பேர்! வெஸ்ட் கேட்கவில்லை. படித்தார். ஏற்கெனவே இருந்த நல்ல மைக்குகளுக்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுக்க வேண்டும், விலையும் கூட. வெஸ்டும் செஸ்லரும் செய்ததில் மெல்லிய பிளாஸ்டிக் ஏடே மின்னேற்றத்தை வருசக்கணக்கில் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அதனால் சின்னதாகச் செய்யலாம், சல்லிசாகச் செய்யலாம். 1960களின் கடைசியில் ஆலைகளில் செய்ய ஆரம்பித்தார்கள். அப்புறம் உலகத்தில் செய்யப்படுகிற மைக்குகளில் பெரும்பகுதி இந்த வகையாகவே ஆகிப்போனது. காலர் மைக் இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதென்றால் அதற்குப் பின்னால் அந்த மனுசர் இருக்கிறார்.

இனி வருசநாடு. தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தாண்டி, மலை நெருங்கி வருகிற இடம். வைகை பிறக்கிற மலை. 1996இல் மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் இந்தப் பக்கத்துக்குப் பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. இங்கே பறையடிக்கிறவர்களில் அறுபது வயதுக்குக் கீழே இருக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது நாங்கள் சேரி சேரியாகப் போய்ப் பார்த்தது. கல்யாணத்துக்குக் குமுளி மலை தாண்டிக் கேரளச் செண்டை மேளம் வருகிறது. அதுவும் தோல்தான், அதுவும் குச்சிதான். ஆனால் அதை வாசல் வரைக்கும் கூப்பிட்டு மாலை போடுகிறார்கள். உள்ளூர்க் கொட்டு சாவுக்கு மட்டும்.

பதிவு செய்யலாம் என்று நாங்கள் பேச்செடுத்தபோது எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை. நம்ம பிள்ளைகளிடமிருந்துதான் வந்தது. "அந்தக் கருமத்தைக் கீழ போடத்தானேண்ணே எங்கப்பன் அடிவாங்குனாரு. அதைப் போயி டேப்பு புடிச்சு வைக்கணுமா?" என்று கேட்டான் காலேஜ் போகிற தம்பி ஒருவன். இந்தக் கேள்வியைத் தட்டிவிட்டுப் போக முடியாது. பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காகத் தண்ணி, விறகு, கூலி மறிக்கப்பட்ட ஊர்கள் உண்டு. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லி ஊர் ஊராக இயக்கம் நடத்தினார். தீண்டாமை பற்றிய மத்திய அரசின் குழுவுக்குத் தலைமை தாங்கி 1969இல் அறிக்கை கொடுத்த அதே இளையபெருமாள்தான். அந்த மறுப்பு இல்லையென்றால், பறையை மேடையில் ஏற்றிக் கலை என்று சொல்கிற தைரியம் 90களில் நமக்கு வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கட்டாயத்துக்கு அடிக்கிறவன் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கிப் போட்ட பிறகே, விரும்பி எடுக்கிறவன் கை என்று ஒன்று உண்டாகிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை எடுத்ததும், 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் பறையும் சட்டி மேளமும் டிரம்ஸும் ஒன்றாக நின்றதும், 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்ததும் அந்த மறுப்புக்குப் பிறகு வந்த சங்கதிகள்.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: தப்பு அடிக்கச் சொல்லி உன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆனால் பெரியவர் கையில் இருக்கிற அடி அவரோடு போனால், நாளைக்கு எவனாவது ஒருத்தன் அதைச் சினிமாவில் போட்டு அவன் பேரை எழுதிக்கொள்வான். இது யார் வீட்டுச் சொத்து என்று சொல்ல உன்னிடம் ஒரு சாட்சி வேண்டாமா? அவன் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒயரைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான்.

ஸ்டுடியோவுக்குப் போகக் காசில்லை என்பது ஒரு பக்கம். பெரியவரை ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றவைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்னப்பையன் 'ஓகே, இன்னொரு டேக்' என்று சொல்ல, அவர் கைகட்டி நிற்பதைப் பார்க்க எங்களுக்கு மனசில்லை. அவர் வீட்டிலேயே செய்தோம். அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. பத்துக்குப் பத்து காங்கிரீட் பெட்டி. உள்ளே நின்று ஒரு கை தட்டினால் டர்ர்ர் என்று எதிர்ச்சுவருக்கும் இந்தச் சுவருக்கும் சத்தம் பந்தாடுகிறது. பறையை அதற்குள் அடித்தால் எந்த அடி எதுவென்று தெரியாமல் கூழாகிவிடும்.

இதற்கு வருசநாட்டிலேயே மருந்து இருந்தது: இலவம் பஞ்சு. இந்த மலையடிவாரம் முழுக்க இலவ மரம். காய் உடைத்து, கொட்டை பிரித்து, அந்தப் பறக்கிற பஞ்சைச் சுவாசித்து இருமுகிற பெண்கள் நம்ம தெருப் பெண்கள்தான். மெத்தையில் படுக்கிறவர்கள் வேறே. நாலு வீட்டில் இருந்த பழைய மெத்தையும், பஞ்சு அடைத்த சாக்கு ஏழும் கடன் வாங்கி, மூலை மூலைக்கு அடுக்கினோம். கீழ்ச்சத்தம் மூலையில்தான் வந்து தேங்கும், அதனால் மூலைக்குச் சாக்கு. முகத்துக்கு எதிரே இருக்கிற சுவருக்கு மெத்தை. கை தட்டிப் பார்த்தோம். டர்ர்ர் போய்விட்டது.

மைக் ரெண்டு. ஒன்று கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிற மைக் செட்காரர் இரவல் கொடுத்த அகுஜா. தமிழ்நாட்டில் பேசாத கட்சியில்லை அதில். சத்தத்தைத் தாங்கும், கீழே விழுந்தாலும் பேசும். இன்னொன்று விலை குறைந்த எலக்ட்ரெட். பறையில் ஒரு வசதி, ஒரே வட்டத்துக்குள் முழுத் தொகுதியும் இருக்கிறது. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, நடுவில் விழுந்தால் கனத்த சத்தம். இடக்கையில் நீளமான மெல்லிய மூங்கில், சிண்டுக்குச்சி, விளிம்பில் சுண்டினால் கீறுகிற சத்தம். பேபி டாட்ஸ் காலுக்கும் கைக்கும் பிரித்துக் கொடுத்ததை நம்ம ஆள் ரெண்டு குச்சியில் வைத்திருக்கிறார். மைக்கைத் தோலுக்கு ஒட்டி வைத்தால் அடிக்குச்சி மட்டும் விழுகிறது, சிண்டு காணாமல் போகிறது. மூணடி தள்ளி வைத்தபோதுதான் ரெண்டும் கூடி வந்தது. அகுஜாவை முன்னால் வைத்தோம். இன்னொன்றைப் பெரியவரின் தோளுக்கு மேலே, அவர் காது கேட்கிற இடத்தில். அவர் எதைக் கேட்டுக்கொண்டு அடிக்கிறாரோ அது பதிவாக வேண்டாமா?

ரெண்டு மைக் வைத்தால் ஒரு சள்ளை உண்டு. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு மைக் இன்னொன்றைவிட ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் அதே அடி அங்கே 3 மில்லி செகண்டு தாமதமாகப் போய்ச் சேரும். ரெண்டையும் கலக்கும்போது 170 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிற கீழ்ச்சத்தத்தை ஒன்றையொன்று தின்றுவிடும். அடிக்குச்சிக்கு நெஞ்சே இருக்காது. 1968இல் லண்டனில் லெட் செப்பலின் குழுவைப் பதிவு செய்த க்ளின் ஜான்ஸ், கொட்டின் நடுவிலிருந்து ரெண்டு மைக்கும் ஒரே தூரத்தில் இருக்கும்படி வைத்தார். அது அவர் பேரிலேயே முறையாக நிலைத்துவிட்டது. எங்களிடம் ஒரு சணல் கயிறு இருந்தது. தோலின் நடுவில் ஒரு முனை, மைக்கில் மறுமுனை. அதே நீளம் அடுத்த மைக்குக்கும். இன்னொன்று: மைக் தோலுக்குப் பின்பக்கமாக வந்துவிட்டால், முன்னால் தோல் விலகும்போது பின்னால் நெருங்கும், ரெண்டும் எதிரும் புதிருமாகிவிடும். மைக் செட்காரர் ஒரு ஒயரின் உள்ளே ரெண்டு நரம்பை மாற்றிப் பற்றவைத்து அதைச் சரி பண்ணினார். பத்தாவது பெயிலான மனுசர். எனக்கு அதைப் புரியவைக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது.

தோலைக் காய்ச்சுவதுதான் எங்கள் கடிகாரம். வாசலில் வைக்கோலைக் கொளுத்தி வாட்டி, தட்டிப் பார்த்து, 'இப்ப புடி' என்பார். அன்றைக்கு மூடாக்கு. கால் மணி நேரத்தில் தோல் இறங்கத் தொடங்கிவிடும். அதற்குள் எடுத்தது எடுத்ததுதான். இப்போது நிறைய இடத்தில் ஃபைபர் பறை, திருகாணி முறுக்கினால் போதும், மழையிலும் ஒரே சத்தம். குற்றம் சொல்லவில்லை, பெண்பிள்ளைகள் தூக்க லேசாகவும் இருக்கிறது. ஆனால் காய்ச்சிய கன்றுத்தோல் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை இறங்கிக்கொண்டே வருகிறதே, அந்த இறக்கமும் அடியின் ஒரு பகுதி என்பது பதிவை ஓட்டிக் கேட்டபோது எங்களுக்குத் தெரிந்தது. பெரியவர் அதற்குத் தக்கபடி காலத்தை முடுக்குகிறார்.

முதல் நாள் ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, வாழ்த்தடி, மாரடி. 'சினிமா அடி' என்றும் ஒன்று உண்டு. நம்மிடமிருந்து சினிமா எடுத்துக்கொண்டு போனது போதாதென்று சினிமாவிலிருந்து நாம எடுத்தது. அதையும் பதிந்தோம். கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கிற ஆடாசிட்டியில்தான் வேலை. வெட்டவில்லை, மெருகு ஏற்றவில்லை. நடுவில் ஒரு கோழி கத்துகிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் பெரியவர் தன் பேரையும், தன் தகப்பன் பேரையும், யாரிடம் படித்தார் என்பதையும் தானே சொல்கிறார். தட்டின் உறையில் வராத பேர் பதிவுக்குள்ளேயே இருந்துவிட்டால் யார் கழற்றுவது?

சாவு அடிக்கு வந்தபோது வீட்டுப் பெரியம்மா குறுக்கே நின்றார். "வீட்டுக்குள்ள வச்சு அதை அடிக்காதீக அப்பு. பேரன் பேத்தி இருக்குற வீடு." பகுத்தறிவு பேசி அவரோடு மல்லுக்கட்ட நான் தயாராக இல்லை. எத்தனை பேர் வீட்டுச் சாவுக்கு அந்த அடியை அவர் புருசன் கூலிக்கும் கூலியில்லாமலும் அடித்திருக்கிறார்! தன் வாசலுக்கு அது வரக்கூடாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சாமான்களைத் தூக்கிக்கொண்டு மூலவைகை மணலுக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. காற்று மைக்கில் மோதி உறுமுகிறது. இலவம் பஞ்சைப் பழைய காலுறைக்குள் அடைத்து மைக்குக்கு மாட்டினோம். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் சத்தம் திரும்பி வரவே இல்லை. மலையில் ஒரு தடவை மட்டும் பட்டு, ரொம்ப நேரம் கழித்து வந்தது. அந்தச் சத்தமும் பதிவில் இருக்கிறது.

மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று பெரியவர் வீட்டில், ஒன்று அந்தக் காலேஜ் தம்பியிடம், ஒன்று எங்களிடம். கேட்க வருகிறவர்கள் கேட்கலாம், கொண்டுபோக வேண்டுமென்றால் பெரியவரிடம்தான் கேட்க வேண்டும். மருள் அடியும் சப்பரத்து அடியும் பாக்கி. அதற்கு உறுமி வேண்டும் என்கிறார். உறுமிக்காரர் கூடலூர்ப் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார். வேலை முடிந்து வரட்டும் என்று பஞ்சுச் சாக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.